நீலச் சட்டைக்காரர்

ஜூலை 14, திங்கட்கிழமை காலை 9.10 மணிக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் கட்டடக்கலை முதலாண்டு மாணவர்கள் முப்பத்தொரு பேர் புதிய முப்பரிமாண மென்பொருளைத் திறந்தார்கள். திரைக்கு ஒருவராக முப்பத்தொரு மனிதர்கள் வந்து நின்றார்கள். கோகிலவாணிக்கு வந்தவர் நீலச் சட்டை போட்டிருந்தார்.

அளவு தெரிவதற்காக நிற்கிற ஆள் அவர். அட்டைபோலத் தட்டையானவர் என்பதால், பார்க்கிறவர் பக்கமே திரும்பிக்கொள்வார். வரையத் தொடங்கும் முன் அவரை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வரைந்த இடத்துக்கே குடிவந்துவிடுவார். முதல் பாடம், சொந்த வீடு. கோகிலவாணி அவசரத்தில் அவரைச் சுற்றியே பவானியிலுள்ள தன் வீட்டை எழுப்பிச் சேமித்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா போன் செய்தார். "ஏங்கண்ணு, உன்ற ஆளு அடுப்பங்கரையில நிக்கறாரு. காப்பி வேண்டாங்கறாரு."

"அவரு ஒண்ணும் சாப்பிட மாட்டாரும்மா."

"அப்ப நிக்கட்டும்."

மறுநாள் விரிவுரையாளர் அல்போன்ஸ் திரையைப் பார்த்தார். "தனியா குரூப் பண்ணலையா? சுவரோட ஒட்டிட்டாரு. அழிச்சா உங்க சமையலறையும் போயிடும். ஒவ்வொரு கோடா பிரிச்செடு. வெள்ளிக்கிழமை இவர் இருந்தா நீ பெயில்."

மூன்று நாள் பிரித்தாள். சுவர் ஒருமுறை கூடவே வந்தது. வீட்டில் அம்மா குக்கரைத் தள்ளி வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை நீலச் சட்டைக்காரர் முழுசாகப் பிரிந்து நின்றார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்க. அவரை அழிக்கப்போறேன்."

அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு சொன்னார்: "வேண்டாஞ் சாமி. உங்கப்பா இருவத்திரண்டு வருசமாப் பேப்பருக்குப் பின்னாடியிருந்துதான் 'ம்' கொட்டறாரு. இவரு, நான் பேசினா என்னையப் பாக்கறாரு."

கோகிலவாணி சுட்டியிலிருந்து விரலை எடுத்தாள்.

அரை மணி கழித்து அப்பா கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"கண்ணு, அந்தத் திரும்பற வசதி இருக்குதல்ல, அது வேற ஆளுக்கும் வருமா?"

"வரும்ப்பா. ஆனா தட்டையாயிடுவாங்க."

"தொந்தியுமா?"

"தொந்தியுந்தான்."

"அப்பப் போட்டு உடு."

வீட்டை வரைந்தபோது அவள் அப்பாவை வரைந்திருக்கவில்லை. இப்போது வரையப் பார்த்தால் நெற்றிக்குக் கீழே எதுவும் நினைவுக்கு வரவில்லை. வீடியோவில் கூப்பிட்டு, "பேப்பரை இறக்குங்கப்பா" என்றாள். இறக்கினார். மூக்கு அவளுடையது போலவே இருந்தது. வரைந்து முடித்ததும், யாரைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. அம்மாவைக் குறித்தாள்.

இரவு அம்மாவிடமிருந்து ஒரே வரி வந்தது: "நீலச் சட்டையை எடுத்துக்கோ." எடுத்துவிட்டாள். சமையலறை இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை அல்போன்ஸ் கேட்டார்: "இன்னும் ஒருத்தர் நிக்கறாரே?"

"அவர் வீட்டு ஆள், சார்."

"சரி." பாஸ் போட்டார்.

அதன்பின் அப்பாவின் மாவு மில்லுக்கு வந்தவர்கள் அவருடைய முதுகைப் பார்த்தே தூக்குச்சட்டியை நீட்டினார்கள். வீடு மில்லுக்குக் கிழக்கே இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, மகளைப் பார்க்க அம்மா கோயம்புத்தூர் பஸ் ஏறினார். மில்லில் அப்பா மெல்லத் தெற்கே திரும்பி, பிறகு மேற்கே சாயத் தொடங்கினார். மிளகாய் அரைக்க வந்த இருவர் அவரைப் பார்த்துவிட்டு, பஸ் பெருந்துறை தாண்டிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.