ஒரு சுவருக்கு எத்தனை ஆள்

பக்தவச்சலம் மேஸ்திரியின் குழுவில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர். எண்ணூர் யார்டில் ஒரு நாளைக்கு நாலு சுவர் வார்ப்பார்கள். இரும்பு அச்சுக்கு எண்ணெய் தடவி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, மட்டம் பார்த்து முடிக்க மாலை ஐந்தாகிவிடும். காய்ந்த சுவர்களை கிரேன் தூக்கிப் போகும். சுனாமியில் வீடு போனவர்களுக்கு அவற்றை நிறுத்தி வீடு கட்டுவதாக ஏற்பாடு. வீடு போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் எல்லோருக்கும் திடீரென்று அவசரம் வந்திருந்தது.

அவசரத்தை அளக்க ரெஜி வந்தான். நாகர்கோவில் பக்கத்து இன்ஜினீயர். கழுத்தில் தாலிபோல ஒரு ஸ்டாப்வாட்ச். அவன் வந்து நின்ற நாள், திருவொற்றியூரில் மாசித் தேர்.

"இன்னிக்கு உக்தா குட்த்துடு சார். நாலு செவுரு முட்ச்சதும் கெளம்பிடுவோம்," என்றார் பக்தவச்சலம்.

உக்தா என்றால் வேலை முடிந்ததும் வீடு, மணி பார்ப்பதில்லை. கட்டட வேலையில் அதைவிடப் புனிதமான சொல் கிடையாது. ரெஜி அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் தலையாட்டினான்.

"வாட்ச வெச்சிகினு ஒர்த்தன் நிக்கிறான் மேஸ்திரி. மெதுவா போலாம்," என்றாள் எண்ணெய் தடவும் மங்கை.

"தேரு உனுக்கோசரம் நிக்குமா? கம்முனு தடவு."

எட்டுப் பேரும் பறந்தார்கள். டீ இல்லை, பீடி இல்லை. மட்டப்பலகையை இழுத்துக்கொண்டே பக்தவச்சலத்தின் மச்சான் வேம்பு விசிலடித்தான். பன்னிரண்டரைக்கு நாலாவது சுவர் முடிந்தது. "பிரமாதம் மேஸ்திரி," என்று ரெஜி கை கொடுத்தான். அந்தக் கையைத் தேரடிவரை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு போனார் பக்தவச்சலம்.

திங்கட்கிழமை ஆபீஸ் சுவரில் கலர் கலராய்க் கோடு போட்ட ஒரு அட்டவணை தொங்கியது.

"எட்டுப் பேர், நாலரை மணி நேரம்," என்றான் ரெஜி. "அப்போ நாலு பேர், ஒம்பது மணி நேரம். எட்டு டூ அஞ்சு. கரெக்டா வருது பாத்தியளா?"

"சோறு துன்ற நேரம் எங்க சார் கீது?"

ரெஜி அட்டவணையில் தேடினான். இல்லை.

"அன்னிக்கு தேருக்கு ஓடுனோம் சார். டெய்லி ஓட முடியுமா? மனுசன் சார்."

"முடியும்னு நீங்கதானே காமிச்சிய? உங்களையும் சேத்து நாலு பேரு. நிப்பாட்ட வேண்டிய மத்த நாலு பேரு யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க."

பக்தவச்சலம் நாள் முழுக்க யோசித்தார். வேம்புவை நீக்கினால் வீட்டுக்குள் நுழைய முடியாது. கம்பி கட்டுகிற செங்குட்டுவன் இல்லாமல் சுவர் நிற்காது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் முதல் பெயர் மங்கை என்றாயிற்று. அவளுக்கு முட்டி வலி.

"மெதுவா போலாம்னு சொன்னவ நான்," என்றாள் மங்கை. "வேகமா ஓடுனவனுங்க உள்ள கீறானுங்க. நல்லா கீது நைனா உன் நாயம்."

அவர் தூக்குவாளியைக் கழுவப் போய்விட்டார். அது ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

மறுநாள் நீக்கப்பட்ட நாலு பேரும் கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். சண்டைக்கு அல்ல. உள்ளே யாராவது விழுந்தால் அந்த இடம் வேண்டும், அவ்வளவுதான். வாட்ச்மேனும் அதில் தப்பு காணவில்லை.

மெதுவாகச் செய்து அட்டவணையின் முகத்தில் கரியைப் பூசுவது என்றுதான் பக்தவச்சலம் இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தார். ஆனால் நிமிரும்போதெல்லாம் கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டுக் கண்கள்.

"சீக்கிரம் இழுடா!" என்று வேம்புமேல் பாய்ந்தார். யாரும் தூக்குவாளியைத் திறக்கவில்லை. செங்குட்டுவனின் விரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு கட்டினான்.

நாலே முக்காலுக்கு நாலாவது சுவர் முடிந்தது. வேம்பு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

"எய்ந்திரு மச்சான். அவங்கோ பாத்துக்கினு கீறாங்கோ," என்றார் பக்தவச்சலம்.

வேம்பு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கால் மணி மிச்சம் இருந்தது. கேட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாலு பேரும் நாளைய அச்சுக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தார்கள்.