தெப்பெய்க்கு இன்னும் ஆறு சனிக்கிழமை

“காலை வணக்கம், தொகியே” என்று சவப்பெட்டியின் மேல் குனிந்து, கூடமெல்லாம் கேட்கும்படி சொன்னார் இசோபே. அப்போது மாலை மணி ஆறரை.

தொகியேயின் மகள் சவாகோ யார் காதில் விழுந்தது என்று சுற்றிலும் பார்த்தாள். எண்பது வயதுக் கிழவரைக் குறை சொல்லவும் முடியாது. கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கிறவர்கள், பகலோ இரவோ, அன்றைக்கு முதல் தடவை ஒருவரை ஒருவர் பார்த்தால் காலை வணக்கம்தான் சொல்வார்கள். அறுபது வருஷப் பழக்கம் பிணத்தின் முன்னால் மட்டும் மறந்துவிடுமா? ஆனால் இறுதிச் சடங்கு மண்டபத்தில் சவாகோ எழுதிக் கொடுத்த தாளில் ‘ஹோசுமி தொகியே, வயது எழுபத்தேழு, ஓய்வு பெற்ற குமாஸ்தா’ என்று இருந்தது. ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்த மண்டபத்துப் பெண், எங்கோ கேட்ட குரல்போல நிமிர்ந்து இசோபேயைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

தொகியே ஒருநாளும் குமாஸ்தாவாக இருந்ததில்லை. முப்பத்தெட்டு வருஷமாகச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, தெப்பெய் என்கிற ஒன்பது வயதுப் பையனாக டிவியில் கத்தியவள் அவள். அவனுடைய அப்பாவாக அத்தனை வருஷமும் அவனை அதட்டியவர் இசோபே. தொழிலில் அவளுக்கு வேறு பெயர். சொந்தப் பெயர் வெளியில் யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவள் போய்விட்டாள். தெப்பெய் இன்னும் போகவில்லை. ஆக்சிஜன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டே வாரத்தில் ஆறு பாகங்களுக்குப் பேசி முடித்திருந்தாள். அப்புறம் ஸ்லேட்டை வாங்கி மகளுக்கு எழுதிக் காட்டினாள்: ‘ஆறும் வந்து முடிகிறவரை நான் சாகவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே.’

அந்த ஸ்லேட்டைக் கண்டாலே சவாகோவுக்கு ஆகாது. ஒலிப்பதிவுக்கு முன்னால் இரண்டு நாள் அம்மா வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள், எல்லாம் எழுத்துதான். எட்டு வயதில் சவாகோ அம்மை போட்டுக் கிடந்தபோது ‘கஞ்சி குடி’ என்று எழுதித் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். அந்தச் சனிக்கிழமை டிவியில் தெப்பெய் தொண்டை கிழியச் சிரித்தான். அவனுக்குத் தொண்டை, எனக்குச் சாக்பீஸ் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை.

தயாரிப்பாளர் குரேபயாஷி அவளைக் கூடத்துக்கு வெளியே நடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வியாழக்கிழமை ஒலிப்பதிவை நிறுத்த வேண்டியிருந்ததால், இசோபேயை விட்டால் அவருக்கு மட்டும் அவள் சொல்லியிருந்தாள். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“அந்த மண்டபத்துப் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா, பாத்தீங்கல்ல? நாளைக்குக் காலையில எல்லார் போன்லயும் வந்துடும். அதுக்கு முன்னாடி நாமளே மரியாதையா சொல்லிடலாம். அறிக்கை ரெடி. நீங்க சரின்னா போதும்.”

“அடுத்த மாசம் உங்க தெப்பெய் சினிமா வருதுல்ல?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க.”

“இல்லாமத்தான் கையோட அறிக்கை கொண்டு வந்தீங்களாக்கும்.”

அவர் முகம் சிவந்தது. “சனிக்கிழமை பாகத்துக்கு முன்னாடி கறுப்புக் கட்டம் போட்டு ஒரு நிமிஷம் அஞ்சலி. நாடே அழும். அம்மாவுக்கு இதைவிட என்ன கௌரவம் வேணும்?”

“ஒன்பது வயசுப் பையனுக்குக் கறுப்புக் கட்டம் போடுவீங்களா?”

“உங்களுக்குத்தான் அவனைப் பிடிக்காதே. அம்மாவே சொல்லியிருக்காங்க.”

“பிடிக்காதுதான். இப்பவும் பிடிக்காது.” பேருந்து ஓட்டுவது அவள் வேலை; பயணிகளை உள்ளே நகரச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். “ஆனா அவனுக்காக எங்கம்மா மூச்சைக் கடன் வாங்கிப் பேசியிருக்கா. அந்த ஆறும் ஒரு உயிரோட இருக்கிறவ பேசினதாத்தான் போகணும். எழவுச் சரக்கா போகக் கூடாது. தாளை உள்ள வைங்க.”

“விஷயம் தானா வெளிய வந்தா?”

“வந்தா பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்வது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி வந்தபோது மண்டபத்துப் பெண் அதே இடத்தில் வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். மினோவா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சவாகோ நேராக அவளிடம் போனாள்.

“இப்ப அந்தப் பெரியவர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சு.”

“விழுந்துச்சுங்க.” மினோவா குரலைத் தாழ்த்தினாள். “வயசானவங்களுக்குப் பொழுது குழம்பிடும். எங்க மாமனாரும் அப்படித்தான்.”

சவாகோ பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அஞ்சு வயசு” என்றாள் மினோவா. “சனிக்கிழமை ஆறு மணி ஆனாத்தான் வாயில சோறு இறங்கும். அவகிட்ட போய் நான் என்னத்தைச் சொல்ல?” ஆழமாகத் தலை வணங்கிவிட்டு, சாம்பல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இசோபே மூலையில் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தார். “என் நாக்கை இழுத்து வச்சு அறுக்கணும்மா.”

“அதை வச்சுத்தானே மாமா சோறு திங்கறீங்க. இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. சவாகோவுக்கும் வந்தது. குரேபயாஷி பார்த்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் தகனம் முடிந்தது. வெள்ளைத் துணி சுற்றிய எலும்புக் கலசத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, கூடத்தில் சின்ன மேசைமேல் வைத்தாள். கல்லறையில் வைக்கிறவரை நாற்பத்தொன்பது நாள் அது அங்கேதான் இருக்கும்.

சனிக்கிழமை மாலை, குழம்பைச் சூடாக்கிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆறாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது குரேபயாஷியிடமிருந்து அழைப்பு வந்தது. போனை மெத்தைக்கடியில் தள்ளினாள். அது கொஞ்ச நேரம் உறுமிவிட்டு ஓய்ந்தது.

பாட்டு முடிந்தது. கறுப்புக் கட்டம் எதுவும் வரவில்லை. திரையில் ஒரு கதவு படாரென்று திறந்தது. முழங்காலில் சிராய்ப்போடு, புத்தகப் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, செருப்பை உதறிக்கொண்டே பையன் கத்தினான்:

“நான் வந்துட்டேன்!”

அடித்தொண்டையிலிருந்து வந்தது. குழாயைக் கழற்றி வைத்த களைப்பு ஒரு பொட்டுகூட அதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

சவாகோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“வா” என்றாள். “கையைக் கழுவிட்டு உக்காரு.”