நீந்திய டாங்கி

அரியமுத்து பட்டாளத்தில் ஓட்டியது தண்ணீரில் நீந்தும் டாங்கி. எழுபத்தொன்றாம் வருசத்துப் பங்களாதேஷ் சண்டையில் அதை ஓட்டிக்கொண்டு மேக்னா ஆற்றைத் தாண்டியவர். கல்யாணமான நாள் முதல் இதை மனைவி மலர்க்கொடியிடம் சொல்லிவருகிறார். அவளும் அன்று முதல் நம்பாமலே இருக்கிறாள்.

"இரும்பு மெதக்குதாம். அப்ப அம்மிக்கல்லு பறக்கும்" என்பாள்.

ஊர் நம்பியது. பென்ஷன் கொடுக்கிற சர்க்காரும் நம்பியது. தாலி கட்டிக்கொண்டவள் மட்டும் நம்பவில்லையே என்பதுதான் எழுபத்தைந்து வயதிலும் மனிதருக்கு ஆறாத குறை.

போன மாதம் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கல்லூரி வாசலில் அதே ரகப் பழைய டாங்கியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சேதி தெரிந்ததும் வெள்ளை வேட்டியோடு கிளம்பிவிட்டார். "வா, ஒங் கண்ணாலயே பாத்துக்க" என்று அவளையும் பஸ்ஸில் ஏற்றினார்.

பெண் பார்க்க வந்த மாமியாரைப் போல மலர்க்கொடி டாங்கியைச் சுற்றிச்சுற்றி வந்தாள். அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் முந்திரித் தோப்பையும் மோட்டார் கொட்டகையையும் ஒண்டியாளாகக் கட்டி மேய்த்தவள். அவளிடம் கதை செல்லாது. பின்பக்கம் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

"இது என்னாங்க?"

"அடியில தண்ணிய உறிஞ்சி இது வழியா பின்னால பீச்சும். அந்த வேகத்துல வண்டி முன்னால போவும்."

அவள் நின்றுவிட்டாள். மோட்டார் போட்டதும் தண்ணீர் வேகத்தில் ஓஸ் பைப்பு எகிறிக் கையைவிட்டு ஓடுவதை எத்தனை தடவை அமுக்கிப் பிடித்திருக்கிறாள்! உள்ளே காலியாக இருந்தால் சோற்றுக் குண்டானும்தான் மிதக்கிறது.

"அட, மெதக்கும் போலருக்கே" என்றாள்.

அரியமுத்துவின் மீசை தானாக மேலே ஏறியது. ஐம்பது வருசத்துக் கேஸ் ஜெயித்துவிட்டது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஜெயித்தவன் எங்கே மூடுவான்?

"நான் உக்காந்த எடம் இதான். மேல மூடியப் போட்டுருவாங்க. அதுக்கு மேல தண்ணி அலம்பும்."

அவள் அந்த மூடியையே பார்த்தாள். ஆள் வெளியே வர அண்டா வாய் அகலம்தான் இருந்தது.

"ஒங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே?"

"தெரியாதுதான்."

"கெணத்துல முட்டியளவு தண்ணிக்கே கயிறு கேப்பீங்களே!"

"டாங்கிக்குத் தெரிஞ்சா போதும்னு வுட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பொய்யாக இருந்தவரை அந்தக் கதை நன்றாகத்தான் இருந்தது. நிஜம் என்றானதும் அந்த மூடியை விட்டுக் கண் நகரவில்லை. சண்டைக்கு அப்புறம் நடந்த கல்யாணம் அது. அன்றைக்கு அந்த ஆற்றில் ஏதாவது ஒன்று ஆகியிருந்தால், அரியமுத்து என்றொருவர் இருந்ததே அவளுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சட்டென்று குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். பயந்த பிள்ளைக்குச் சுற்றுவதுபோல அவர் தலையை மூன்று முறை சுற்றினாள். கல்லூரிப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"துப்புங்க."

"சண்ட முடிஞ்சி அம்பது வருசம் ஆச்சுடி. இப்ப என்னா பயம்?"

"எனக்கு இப்பத்தான வந்துருக்கு. துப்புங்கங்கறேன்."

அரியமுத்து மீசையை ஒதுக்கிக்கொண்டு அந்த மண்ணில் மூன்று தடவை துப்பினார்.