மூன்றாம் ஓலை

அந்த ஞாயிறு காலை விமலகுமாரிக்கு இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வெந்த இட்லியை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள். உடுத்த சேலையை அவிழ்த்து வேறொன்றை உடுத்தினாள்.

மகள் ஜோஸ்னாவின் கல்யாணத்துக்கு இன்று சபையில் கடைசி ஓலை. மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதைக் கேட்க மாப்பிள்ளையின் அம்மா ரத்னபாய் பெருங்கடவிளையிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டாள். யார் கூப்பிட்டார்கள் அவளை?

மறைக்க ஒரு விஷயம் இருந்தது. விமலகுமாரியின் கணவன் கனகதாஸ், பாதி ஆயுளை ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையிலும் மீதியைப் பீடியிலும் கழித்தவர். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. தோளில் தொங்கும் பெட்டி சுற்றியுள்ள காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியே மூக்குக்கு அனுப்பினால்தான் நாலு அடி நடப்பார். ரத்னபாயிடம் சொல்லியிருந்ததோ 'லேசான இழுப்பு' என்று. பெண் பார்க்க வந்த அன்று குழாயைக் கழற்றிவிட்டு, பேசினால் மூச்சு போய்விடுமென்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் மனுஷன். வந்தவர்கள், நல்ல அடக்கமானவர் என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

ஆராதனை முழுக்கச் சிரித்தே ஓட்ட முடியாது. நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றார் கனகதாஸ். பெண்ணின் அப்பன் இல்லாமல் ஓலை வாசித்தால் ஊர் வாயை யார் மூடுவது? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், இது ஒரு பொய்தானே என்று விமலகுமாரி தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பாட்டுக்குழு அங்கியில் மிஞ்சிய மெரூன் வெல்வெட்டில், பைபிள் பை மாதிரியே பெட்டிக்கு ஓர் உறை. குழாய் சட்டைக்குள்ளே. மூக்கை மறைக்க மாஸ்க். காற்றை இழுக்கும் பக்கவாட்டு வலையை மூடக் கூடாது என்று பெட்டியைக் கொண்டுவந்த ஆள் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கொசுவலைக்குள் காற்று வரவில்லையா என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். பெங்களூரில் நர்ஸாக இருக்கும் ஜோஸ்னாவைக் கேட்டால் வேண்டாம் என்பாள்; அதனால் கேட்கவில்லை.

வேதக்கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். ரத்னபாய் தேடி வந்து விமலகுமாரியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாட்டு, ஜெபம், பிரசங்கம் ஒன்றும் விமலகுமாரியின் காதில் ஏறவில்லை. கண் நடைபாதைக்கு அந்தப் பக்கமே இருந்தது. அவர் ஏன் குனிகிறார்? ஏன் சட்டைப் பித்தானைத் தளர்த்துகிறார்?

சபையார் 'ஐயர்' என்று கூப்பிடும் போதகர் நேசையன் ஓலையை வாசித்தார். "தடை எதையாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்" என்று நிறுத்தினார். கோயில் அமைதியானது. அந்த அமைதியில் ஆண்கள் பக்கமிருந்து பெட்டியின் எச்சரிக்கை ஒலி விடாமல் கூவியது.

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. விமலகுமாரி நடைபாதையைத் தாண்டி ஓடினாள். கர்த்தர் மன்னிக்கட்டும், முதலில் அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. வெல்வெட்டுக்கு மேலாகவே சுவிட்சைத் தடவினாள். அழுத்தினால் சத்தம் நிற்கும், கூடவே காற்றும் நிற்கும். விரல் சுவிட்சில் பட்டபோதுதான் பெஞ்சைப் பிடித்திருந்த அவர் கை கண்ணில் பட்டது. நகமெல்லாம் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி நீலமாக இருந்தது.

உறையைப் பிய்க்கப் பார்த்தாள். அவள் தைத்தது அவ்வளவு லேசில் பிரியுமா? பல்லால் கடித்துக் கிழித்தாள். உள்ளே பெட்டி சோற்றுப்பானையாகச் சுட்டது. அவர் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது போதகர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தடை ஒண்ணும் இல்ல ஐயரே. எனக்க புருஷனுக்க மூச்சாக்கும். இது இல்லாம அவருக்கு நாலடி நடக்க ஒக்காது. நான்தான் மறச்சேன்."

ரத்னபாய் எழுந்தாள். போச்சு, கிளம்பிவிட்டாள் என்று நினைத்தாள் விமலகுமாரி. ரத்னபாய் நேராக ஆண்கள் பக்கம் வந்து பாட்டுப் புத்தகத்தால் பெட்டியை விசிறினாள்.

"மறச்சதப் பத்தி பொறவு பேசுவோம்," என்றாள். "மொதல்ல நீயும் விசிறு."

இருவரும் விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் கூவல் அடங்கியது. கனகதாஸின் நெஞ்சு ஏறி இறங்கி ஒரு நிதானத்துக்கு வந்தது. சூடு தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று விமலகுமாரி அழுகையும் கோபமுமாகக் காதோரம் கேட்டாள். அவர் மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார்.

"சொன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவ. வரல்லன்னு சொன்னது சும்மயாக்கும். மவளுக்க பேரு வாசிக்கச்சில நான் இங்க இருக்கணும்." பிறகு முன்பக்கம் எட்டிப் பார்த்தார். "வாசிச்சாச்சா? காது அடச்சுப்போச்சு. ஒண்ணும் கேக்கல்ல."

போதகர் அடுத்த ஜெபத்துக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். விமலகுமாரி கிழிந்த வெல்வெட்டைக் கையில் பிடித்தபடி ஆண்கள் நடுவில் நிமிர்ந்து நின்றாள்.

"ஐயரே," என்றாள், "ஓலைய மொதல்ல இருந்து வாசிக்கணும். பெண்ணுக்க அப்பனுக்குக் கேக்கல்ல."