சாமியப்பனுக்கான ஜெபம்

அறுபத்தெட்டாம் வருசம் நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டருங்க. துணியை மடிப்பு மடிப்பா அடுக்கி, மேல சாக்பீஸ்ல கோடு போட்டு, மொத்தத்தையும் ஒரே வெட்டா வெட்டறது எம்பட வேலை. ஒரு நாள் கழுத்துக் கோடு அரை இஞ்சு அகலமாப் போயிருச்சு. செக்கிங்ல இருந்த எம்மச்சான் சாமியப்பன் அத்தனையையும் கழிச்சு ஓரமா வெச்சுட்டாரு. மொதலாளி எல்லாருக்கும் முன்னால என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. தப்பு என்னுதுதான். அதை ஒத்துக்கிட்டா எங்கௌரவம் என்னாகறது? மச்சான்கிட்டப் பேச்சை நிறுத்திட்டேன். எம்பொண்டாட்டி செல்லாத்தாளையும் அவ அண்ணனான அவரு ஊட்டுக்கு அனுப்பலை. மூணு வருசம் அவ அழுததுதான் மிச்சம்.

அப்பத்தான் எங்க போதகர், ஒவ்வொருத்தரும் ஒரு சீஷரை உண்டாக்கோணும், அவங்க இன்னொருத்தரை உண்டாக்கோணும்னு பிரசங்கம் பண்ணுனாரு. எனக்குப் போதகருக்குக் கீழ உபதேசியார் ஆகோணும்னு ரொம்ப நாளா ஒரு நமைச்சலுங்க. விடுவேனா? அயர்ன் போடற நல்லானைப் புடிச்சேன். டீ நேரத்துல ஜெபம் பண்ணக் கத்துக் குடுத்தேன். மொதல்ல துதி, அப்பறம் மழைக்கு ஒரு விண்ணப்பம், கடைசியா எம்பட வழக்கப்படி, "சாமியப்பனோட கல்நெஞ்சை உடைச்சருளும் ஆண்டவரே"ன்னு ஒரு விம்மல். நல்லான் அதைச் சாயப்பட்டறைத் தங்கவேலுவுக்குக் கத்துக் குடுத்தான். தங்கவேலு, வேற கம்பெனியில பனியன் மடிக்கற மருதாளுக்கு.

மூணு பேரையும் போதகருக்குக் காட்டலாம்னு எங்கூட்டுலயே ஜெபக்கூட்டம் வெச்சேன். செல்லாத்தாள் எங்கிட்டச் சொல்லாம அவ அண்ணனைக் கூப்பிட்டிருந்தா. அவரு வந்து கதவோரமா உக்காந்தாரு.

நல்லான் ஜெபம் பண்ணி, சாமியப்பன்ல கொண்டுவந்து முடிச்சான். தங்கவேலுவும் அப்படியே. நான் கதவுப் பக்கமே திரும்பலை. மருதாள் சாமியப்பனைக் கண்ணுல கூடப் பாத்ததில்லீங்க. "அந்த மனுசன் யாருன்னு தெரியாது ஆண்டவரே, பாவம், அந்தக் கல்நெஞ்சை உடைச்சருளும்"னு நெசமாவே அழுதுட்டா. நான் மேல போட்ட கோடு அடி மடிப்பு வரைக்கும் பிசகாம எறங்கியிருந்துச்சு.

கதவோரத்துல இருந்து, "ஆமென்"னு சாமியப்பன் சொன்னாரு.

போதகர் என்னையப் பாத்து, "அடுத்து நீங்க ஜெபியுங்க" அப்படின்னாரு.

எந்திரிச்சேன். துதியும் வரலை, மழையும் வரலை. "ஆண்டவரே, கழுத்தை நாந்தான் அரை இஞ்சு அகலமா வெட்டுனேன். மச்சான் மேல தப்பில்லை." அவ்வளவுதான் வந்துச்சு. செல்லாத்தாள் முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டா.

"அரை இஞ்சு இல்லீங்க மாப்பிள்ளை, முக்கால்" அப்படின்னாரு சாமியப்பன். சொல்லிப்போட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தாரு. அன்னைக்குச் சாப்பிட்டுத்தான் போனாரு. மறுநாளே செல்லாத்தாள் அண்ணன் ஊட்டுக்குக் கெளம்பிட்டா.

உபதேசியார் வேலை எனக்குக் கெடைக்கலீங்க. அடுத்த வாரக் கூட்டத்துக்கு மருதாள் புதுசா ஒரு பொம்பளையைக் கூட்டிக்கிட்டு வந்தா. ஆயுசுல கத்திரியே தொடாத மருதாள், "ஆண்டவரே, கழுத்தை நாந்தான் அரை இஞ்சு அகலமா வெட்டுனேன்"னு அழுதா. பக்கத்துல அந்தப் புதுப் பொம்பளையும் அதையே முணுமுணுத்துச்சு.

இந்தத் தடவை அந்தக் கோட்டை நான் திருத்தப் போகலீங்க.