முழங்கால் உயர அலை

மூன்றாவது ஃபின் உள்ளே போக மறுத்தது. நிவேஸ் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். முடியாமல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். டக்கென்று உட்கார்ந்தது. சாப்பாட்டு மேஜையில் போர்வையை விரித்து, அதன்மேல் லீவியோவின் சர்ஃப் பலகையைக் குப்புறக் கிடத்தியிருந்தாள். புருஷனை இன்னும் சவ அறையிலிருந்து எடுக்கவில்லை, அதற்குள் அவனுடைய பலகைக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது.

"காப்பி ஆறுது," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் இல்வா. லீவியோவின் அக்கா. லூக்கா நகரத்திலிருந்து நேற்றே வந்துவிட்டாள். "என்னத்த இன்னும் நோண்டிக்கிட்டிருக்க?"

"ஃபின் மாட்டறேன்."

"அது இல்லாம நிக்காதா?"

"நிக்கும். மொட்டையா நிக்கும். ஊரே பாக்கப்போகுது இல்வா."

பலகையின் அடியில், வால் பக்கமாக, மீனின் துடுப்பைப் போல நிற்கும் தகடுகள் அவை. நடுவில் ஒன்று, ஓரங்களில் ஒவ்வொன்று. இன்று காலை உறையிலிருந்து பலகையை உருவியபோதுதான் அவை இல்லாததைக் கவனித்தாள். உறையின் பையில் ஒரு பாக்கெட் கிடந்தது. மூன்று ஃபின்களும் வளைந்த சின்னச் சாவியும், பிரிக்காத பிளாஸ்டிக்கில். பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு வாங்கி வைத்திருக்கிறான், மாட்டக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் அழுதாள். பலகையில் ஒரு கீறல் கிடையாது. நாலு வருடமாக ஞாயிறு தவறாமல் கடலுக்குப் போன பலகையை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறானே என்று பெருமையாகவும் இருந்தது.

ஓரத்து ஃபின்கள் இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் லேசாகப் புடைத்திருந்தது. எது உள்ளே பார்க்க வேண்டும், எது வெளியே? அவளுக்கு அதைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. பாதி வாழ்க்கையை ஷூ கடையில் கழித்தவள். இடது எது வலது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஷூவில் வளைவு உள்பக்கம்தான் வரும். அப்படியே மாட்டி, சாவியால் திருகை இறுக்கினாள்.

சவ அறையில் லீவியோ ஒல்லியாகத் தெரிந்தான். யாரோ வீட்டுக் குழாய் ரிப்பேருக்குப் போய், கழுவுதொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைப் பிடித்தபடியே செத்துப்போனவன், இப்போது சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாக, மாப்பிள்ளையைப் போலக் கிடந்தான். கோட்டு அவள் கொடுத்தனுப்பியது. அலமாரியில் இருந்ததிலேயே அழகானது.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் அடக்கக் காரியம் பார்க்கும் ஆள் அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சிஞ்ஞோரா, நீங்க கவலப்படாதீங்க. கோட்டுப் பின்பக்கம் மேலேருந்து கீழ வர வெட்டித்தான் போட்டோம். வேற வழியில்ல. முன்னால யாருக்கும் தெரியாது."

ஆறுதலாகத்தான் சொன்னான். நிவேஸுக்குக் காது மடல் சூடானது. அது அவர்கள் கல்யாண வெள்ளி விழாவுக்குத் தைத்தது. அப்போதே வயிற்றை எக்கிக்கொண்டுதான் போட்டான்.

மாதா கோவிலில் பலகையை அவளே நிறுத்தினாள். கடைக் கண்ணாடிக்குள் பொருளை எப்படி வைத்தால் எடுபடும் என்று தெரிந்த கை. பெட்டிக்கு வலப்பக்கம், கூர்மூக்கு மேலே பார்க்க, ஃபின்கள் ஜனங்களைப் பார்க்க. வெளுப்பான வெள்ளை, நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்ததும் முன்வரிசையில் இருந்த அவளுடைய வாடிக்கைக்காரி ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வரிசையில் லீவியோவின் கடற்கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரெஸ்தே, கடற்கரையில் உடை மாற்றும் கேபின்களை வாடகைக்கு விடுகிறவன், லீவியோவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். அவர்கள் பலகையைப் பார்த்தார்கள். ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாவம், துக்கம் தாங்கவில்லை என்று நிவேஸ் நினைத்தாள்.

பாதிரியார் பேசிக்கொண்டிருக்கையில் அவளுக்கு அந்தச் சர்ஃப் கடை ஞாபகத்துக்கு வந்தது. லீவியோவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ரகசியமாகப் போயிருந்தாள். அவனிடம் ஏற்கனவே ஒன்று இருந்தது. குட்டையாக, அகலமாக, தடியாக, வெயிலில் பழுத்து மஞ்சளடித்தது. மாவு பிசையும் தொட்டி என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். "உன் தொப்பையும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு," என்று விருந்தாளிகளை வைத்துக்கொண்டே சொல்வாள். எல்லோரையும் விட உரக்கச் சிரிப்பவன் லீவியோதான்.

கடைக்காரன் நிதானமானவன். பலகையைக் காட்டுவதற்கு முன் கேள்விதான் கேட்டான்.

"ஆளு என்ன எடை?"

"எழுபத்தெட்டு," என்றாள் அவள். நாக்கு கூசாமல் வந்தது. கடையில் அப்போது இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"எந்த மாதிரி அலையில போவாரு? நம்ம ஊர் அலைன்னா, அதுல தள்ளுற வேகமே கெடையாது. பலகைதான் ஆள மெதக்கவச்சு ஓடணும். குட்டையா, அகலமா, அடி தட்டையா எடுங்க. வால் பக்கம் பெரிய ஃபின்னா ரெண்டு. பாக்க சுமாராத்தான் இருக்கும், ஆனா ஓடும்."

பாக்க சுமாராகத்தான் இருக்கும் ஒன்று வீட்டில் இருப்பதால்தானே அவள் வந்ததே. "எல்லா அலையிலயும் போவான்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் தனியாக நின்ற வெள்ளைப் பலகையைக் காட்டினாள். மெலிசு, கூர்மூக்கு, வாழைப்பழத்தைப் போல மேலே வளைந்தது. எழுபத்தெட்டு கிலோவுக்குத் தாங்குமா என்று அவன் இரண்டு தடவை யோசித்தான். தாங்கும் என்று அவள் சொன்னாள்.

பிறந்தநாளன்று லீவியோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அழகா இருக்கு நிவேஸ்," என்றான். மஞ்சளை யாருக்கோ கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைப் பலகையைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு அவன் கிளம்புவதை அவள் மாடியிலிருந்து பார்ப்பாள். எதிர்வீடும் பார்க்கும்.

கல்லறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தார்கள். இந்தக் கடற்கூட்டாளிகளில் யார் செத்தாலும் கடைசியாக இது ஒன்று உண்டு. எல்லோரும் பலகையில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு உள்ளே போவார்கள். வட்டமாக உட்கார்ந்து பூவை வீசுவார்கள், தண்ணீரை அடித்துக் கத்துவார்கள். செத்தவனின் பலகையில் அவனுக்கு நெருங்கியவன் போவான். திரும்பும்போது ஒரு அலையிலாவது அந்தப் பலகையின்மேல் நின்று வர வேண்டும், அது எவ்வளவு சின்ன அலையாக இருந்தாலும் சரி.

அன்றைக்குச் சின்ன அலைதான். இரண்டு நாளாக அடித்த தென்மேற்குக் காற்று ஓய்ந்து, முழங்கால் உயரத்துக்குச் சோம்பலாக வந்து மணலில் படுத்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் மாதம், குடைகளை எல்லாம் பிடுங்கியாகிவிட்டது. கோவிலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கறுப்பு உடையோடு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றார்கள்.

ஒரெஸ்தே ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைப் பலகையின் முன்னால் நின்றவன், அதைத் தொடவில்லை.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிற? எடு," என்றாள் நிவேஸ்.

"இல்ல... நான் என்னோடதுல போறேனே. இத பின்னால கயித்துல கட்டி இழுத்துட்டுப் போயிடறேன். பூவ இதுமேல வச்சா நல்லா இருக்கும்."

"அவன் பலகையிலதான் போகணும், நின்னுட்டுதான் வரணும்னு நேத்து நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

ஒரெஸ்தே கடலைப் பார்த்தான். "நிவேஸ், நான் எண்பது கிலோ. இந்த அலையில இது என்னத் தாங்காது."

"லீவியோவ தாங்குச்சே?"

அவன் குனிந்து காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். பின்னால் நின்ற கூட்டாளிகளும் அவரவர் காலைப் பார்த்தார்கள். கோவிலில் குனிந்த அதே தலைகள். நிவேஸ் அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிரிக்காத பாக்கெட்டும் கீறல் விழாத பலகையும் அப்போதுதான் அவளுக்குச் சேர்ந்து புரிந்தன.

"எங்க இருக்கு?" என்றாள்.

அவன் முன்னே நடந்தான். கடைசிக் கேபினின் கதவைத் திறந்தான். துண்டு காயப்போடும் கொடிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, மாவு பிசையும் தொட்டி நின்றது. இன்னும் மஞ்சளாகியிருந்தது. மூக்கில் ஒட்டு, வாலில் ஒட்டு. அடியில் இரண்டு பெரிய ஃபின்கள், ஒன்றின் முனை உடைந்து அரத்தால் ராவப்பட்டிருந்தது. இரண்டிலும் தட்டைப் பக்கம் உள்ளே பார்த்திருந்தது.

"நான் மாத்தி மாட்டிட்டேன்," என்றாள் நிவேஸ்.

"அது பரவால்ல."

"ஊரே பாத்துச்சு."

"தெரிஞ்சவன் நாங்க ஆறு பேருதான். நாங்க சொல்ல மாட்டோம்."

"இதையும் சொல்லலயே!" அவள் குரல் உயர்ந்தது. "நாலு வருஷமா என்ன வச்சு சிரிச்சிருக்கீங்க."

"மொத நாள் சிரிச்சோம், பொய் சொல்லல. மெதக்குதான்னு பாக்க ஃபின்கூட மாட்டாம எறங்கினான், நெஞ்சு வரைக்கும் தண்ணிக்குள்ள போயிட்டான். கீழ பலகை இருக்கான்னே தெரியல. அலை பாட்டுக்கு அவனத் தாண்டிப் போகுது, இவன் கல்லு மாதிரி ஒக்காந்திருக்கான். கரைக்கு வந்து சொன்னான், எவனாவது அவகிட்ட வாயத் தொறந்தீங்க, வீட்டுல குழா ஒழுகுதுன்னு என்னக் கூப்பிடாதீங்கன்னு. அதோட சரி. வாரா வாரம் வருவான், அத இங்க வச்சுட்டு இத எடுத்துட்டுப் போவான். வீட்டுக்குப் போகும்போது வெள்ளைமேல நாலு செம்பு தண்ணி ஊத்தி நனைச்சு உறையில போட்டுக்குவான்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நானும் கேட்டேன். சொல்லித் தொலையேன்டா, மாத்திக் குடுப்பாங்கன்னு." ஒரெஸ்தே கதவின் கொக்கியைத் திருகிக்கொண்டே சொன்னான். "அவ கண்ணுக்கு நான் அந்தப் பலகை மாதிரி மெலிசாத் தெரியறேன்டா, அதுல நான் எதுக்கு மண்ணப் போடணும்னான்."

நிவேஸுக்கு எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது. கேபினில் உட்கார எதுவும் இல்லை. ஒரு அளவு சின்ன ஷூவுக்குள் காலைத் திணிக்கும் பெண்களை அவள் கடையில் எத்தனை பேரைக் கேலி செய்திருப்பாள். "பாக்கறதுக்கா, நடக்கறதுக்கா?" என்று கேட்பாள். ஊர் பார்ப்பதற்காக அவள் வாங்கிய வெள்ளைப் பலகை அவன் கண்ணுக்கு அன்பாகத் தெரிந்திருக்கிறது. நாலு வருடம் அதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்திருக்கிறான். கடையில் எழுபத்தெட்டு என்று சொன்னதை ஒரெஸ்தேயிடம் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். வரவில்லை. வெட்கம் விடவில்லை.

"நம்ம ஒண்ணும் மாத்த வேணாம்," என்றான் ஒரெஸ்தே. "வெள்ளையவே கட்டி இழுத்துட்டுப் போறேன். யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல."

முன்னால யாருக்கும் தெரியாது. காலையிலும் இதையேதான் ஒருத்தன் சொன்னான்.

அவள் மஞ்சள் பலகையைக் கக்கத்தில் இடுக்கப் பார்த்தாள். கை எட்டவில்லை, அவ்வளவு அகலம். நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். "குடு, நான் எடுக்கறேன்," என்று வந்தவனை முழங்கையால் தள்ளிவிட்டு மணலில் இறங்கினாள். கால் புதைந்து புதைந்து வந்தது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. இல்வா பாதிவழியிலேயே எதிரே வந்துவிட்டாள்.

"இது என்ன குப்ப? எங்கேருந்து புடிச்ச? எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டிருக்காங்க, அந்த வெள்ளைய எடுத்துட்டு வரச்சொல்லு."

"இதான் லீவியோவோடது."

"அப்ப அது?"

"அது என்னோடது."

இல்வாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் வந்த வாடிக்கைக்காரி பலகையை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்ளோ குட்டையா இருக்கே. இதுலயா நின்னாரு? அவரு என்ன எடை இருப்பாரு?"

"தொண்ணூத்தாறு," என்றாள் நிவேஸ்.

சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஒரெஸ்தே பலகையை அவள் கையிலிருந்து வாங்கி, பூவளையத்தை அதன் மூக்கில் மாட்டிவிட்டு தண்ணீரில் இறங்கினான். அவன் ஏறிப் படுத்ததும் பலகை கொஞ்சமும் அமுங்கவில்லை. மேலேயே மிதந்து போனது.

உள்ளே வட்டம் போட்டார்கள், பூ வீசினார்கள், கத்தினார்கள். திரும்பும்போது ஒரெஸ்தே இரண்டு அலையை விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்தான். அது அலை என்று சொல்லும்படி இல்லை. ஆனாலும் பலகை அதன்மேல் ஏறிக்கொண்டு, அவசரமில்லாமல், நேராகக் கரைவரைக்கும் ஓடி வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

இல்வா அவள் தோளைத் தொட்டாள். "நிவேஸ், கீழ பாரு."

கறுப்பு உடையின் முன்பக்கம் முழுக்கப் பலகையின் மெழுகு அப்பியிருந்தது. கால் வழுக்காமல் இருக்க லீவியோ ஞாயிறுதோறும் தேய்த்த மெழுகு, மார்பிலிருந்து வயிறு வரைக்கும், மணலோடு சேர்ந்து வெள்ளையாக. இல்வா தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நீட்டினாள்.

"தொடைச்சுக்க. எல்லாரும் பாக்கறாங்க."

நிவேஸ் கைக்குட்டையை வாங்கி, நாலாக மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.