ஈரத் துணி

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடி மூத்தவள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கை. இருவருக்கும் ஒரே தையல் கம்பெனியில் வேலை. மூத்தவள் சட்டை, கால்சட்டைகளுக்கு இஸ்திரி போடுபவள்; இளையவள் பொத்தான் தைப்பவள்.

மூத்தவளுக்கு வலது முட்டியில் உலோக மூட்டு வைத்ததிலிருந்து சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைதான் வீட்டில் பேச்சு. உடம்புக்குள் எங்காவது சீழ் பிடித்தால் அந்த எண் ஏறுமாம். ஆபரேஷன் முடிந்ததும் ஏறுவது வழக்கம்தான், பிறகு இறங்கிவிட வேண்டும் என்றார் டாக்டர். இறங்கியது. போன முறை மறுபடியும் ஏறிவிட்டது. இனியும் ஏறினால் முட்டியில் ஊசி குத்தி நீர் எடுப்போம், கிருமி இருந்தால் திறந்து கழுவ வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். வேலைக்குப் போகலாம் என்ற சான்றும் எண் இறங்கும்வரை கிடையாது. திங்கட்கிழமை சான்றோடு வராவிட்டால் இஸ்திரி மேசையில் வேறு ஆள் நிற்கும் என்று மேஸ்திரி தங்கையிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

கழுவுவது என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். அந்த மேசையில் முன்பு நின்ற நெட்டச்சிக்கும் இதே ஆபரேஷன்தான். திறந்து கழுவினார்கள், பிறகு உலோகத்தை எடுத்தார்கள், கடைசியில் காலையே எடுத்தார்கள். ஒருநாள் கம்பெனி வாசலில் ஊன்றுகட்டையோடு வந்து நின்றாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். மூத்தவளும்தான். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில் நெட்டச்சி சுற்றிய நீலத் துணி இன்னும் இருக்கிறது. அவள் விரல்கள் அழுத்தி உண்டான பள்ளங்களில்தான் மூத்தவளின் விரல்கள் போய் உட்காரும்.

அதனால்தான் தங்கை மாத்திரை கொண்டுவந்தாள். அவள் புருஷனுக்குப் பல் வீங்கியபோது கொடுத்ததில் மிச்சம். வலி போனதும் அவன் நிறுத்திவிட்டிருந்தான்.

"அவருக்கு ரெண்டே நாள்ல சீழு வத்திடுச்சுக்கா. உனக்கும் கேக்கும்."

மூத்தவள் பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் வேளை தவறாமல் விழுங்கினாள்.

இப்போது எண் இறங்கியிருந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து முட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் சூடா இருக்கே. வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?"

தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"இல்லைங்க. இஸ்திரிக்காரி உடம்பு, எப்பவும் சூடாத்தான் இருக்கும்" என்றாள் மூத்தவள்.

டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. வலி கூடினால் உடனே வரவேண்டும் என்று சொல்லிச் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மேஸ்திரி சான்றை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். புது முட்டி போட்ட குமரிக்கு இனி ரெட்டை வேலை கொடுக்கலாம் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்து வைத்தாள்.

மத்தியானத்துக்குள் முட்டிக்குள் ஏதோ விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. ஊன்றுகட்டை நடந்துவரும் தாளம் போலிருந்தது. அவள் இருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

தேநீர் இடைவேளையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மூத்தவள் மேசைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். கால்சட்டைகளுக்கு மேலே விரித்துத் தேய்க்கும் ஈரத் துணியை எடுத்து முட்டியில் போர்த்திக்கொண்டாள். தங்கை தேநீரோடு வந்தாள்.

"அந்த மாத்திரை இன்னும் இருக்காடி?"

"தீந்துபோச்சுக்கா."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எல்லா மேசைகளிலும் இஸ்திரிப் பெட்டிகள் குளிர்ந்து கிடந்தன.

மேஸ்திரி கைதட்டினார். தங்கை குனிந்து முட்டியிலிருந்த துணியை எடுத்தாள். அது மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவள் வாளியில் அதை முக்கிப் பிழிந்து மேசைமேல் வைத்தாள். மூத்தவள் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்து, நீலத் துணியின் பள்ளங்களில் விரல்களைப் பதித்தாள்.